ஹாம் வானொலி: முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்

போலீஸ்காரர் கையில் ஒரு சிறு கருவி இருக்கும். அதில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவார். பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். பொத்தானை விடுவார். உடனே எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்கும். இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியின் பெயர் வாக்கி டாக்கி. ஊரில் பலர் அதை வயர்லெஸ் என்றே சொல்வார்கள்.

நம் வீட்டு ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். வாக்கி டாக்கியில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். அதனால் இதை இருவழி வானொலி என்கிறோம்.

போலீசும் ராணுவமும் மட்டும்தான் இதில் பேசலாமா? இல்லை. சாதாரண மக்களும் பேசலாம். விவசாயி, தையல்காரர், ஆசிரியர், கடைக்காரர், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று யாரும் பேசலாம். ஆனால் அதற்கு அரசின் உரிமம் வேண்டும். லாபத்துக்காக அல்லாமல், ஆர்வத்துக்காக இப்படிப் பேசுகிறவர்களை உலகம் முழுவதும் "ஹாம்" என்று அழைக்கிறார்கள்.

இந்தியாவில் இது புதிய விஷயம் அல்ல. 1921ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து என்பவர் இப்படி ஒரு நிலையம் வைத்திருந்தார். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

நல்ல கேள்வி. செல்போனில் பேசும்போது உங்கள் குரல் நேராக அடுத்தவருக்குப் போவதில்லை. முதலில் செல்போன் கோபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து கம்பி வழியாகவோ வேறு கோபுரம் வழியாகவோ போய்ச் சேருகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். புயலில் கோபுரம் சாய்ந்தால் போன் பேசாது. மின்சாரம் நின்று, பேட்டரியும் தீர்ந்தால் பேசாது.

ஹாம் கருவிக்கு நடுவில் கோபுரம் தேவையில்லை. ஒரு கருவி, ஒரு பேட்டரி, ஒரு ஏரியல் போதும். இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்கு நேராகப் பேசலாம்.

2004 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. அங்கிருந்து உலகின் மற்ற ஹாம்களோடு பேசுவதற்காக அரசிடம் அனுமதி வாங்கிப் போனார்கள். டிசம்பர் 26ஆம் நாள் நிலம் நடுங்கியது. சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. தீவில் இருந்த உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் இந்தியா முழுவதும் மக்கள் தவித்தார்கள். அந்தக் குழு தன் கருவிகளை உடனே நிவாரண வேலைக்குத் திருப்பியது. "இன்னார் நலமாக இருக்கிறார்" என்ற செய்திகள் அந்தக் கருவிகள் வழியாகக் கரைக்கு வந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவி உயிர்ச் செய்தி சுமந்தது.

மேற்கு வங்கத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் கங்காசாகர் மேளா நடக்கிறது. லட்சக்கணக்கான மக்கள் கூடுவார்கள். வயதானவர்கள் கூட்டத்தில் வழி தவறிவிடுவது உண்டு. அவர்கள் பேசும் மொழி அங்கே உள்ளவர்களுக்குப் புரியாது. அங்கே பணி செய்யும் ஹாம்கள் பல மாநிலங்களில் உள்ள ஹாம்களோடு பேசுகிறார்கள். அவர்கள் மூலம் ஊரையும் வீட்டையும் கண்டுபிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள்.

குரல் எப்படிப் போகிறது?

குளத்தில் கல்லை எறிந்தால் அலை பரவுகிறது அல்லவா? அதுபோல ஏரியலிலிருந்து வானொலி அலை நாலா பக்கமும் பரவுகிறது. குளத்து அலை கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்கிறார்கள். பத்து லட்சம் ஹெர்ட்ஸ் ஒரு மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் ஹாம்களுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி பெரும்பாலும் இதில்தான் பேசும். இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். மலையோ பெரிய கட்டடமோ குறுக்கே வந்தால் தடைபடும். ஊருக்குள் சில கிலோமீட்டர் தூரம்தான் எட்டும். மாடியில் ஏறி நின்றால் இன்னும் எட்டும். அதனால் ஹாம்கள் சேர்ந்து உயரமான இடங்களில் ரிப்பீட்டர் என்ற கருவியை வைக்கிறார்கள். அது உங்கள் குரலை வாங்கி, அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். அப்போது பக்கத்து மாவட்டத்துக்கும் கேட்கும்.

மற்றொன்று, 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலை. நமக்கு மேலே வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு இருக்கிறது. சிற்றலை அதில் பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது. அதனால் வேறு மாநிலத்தோடும் வேறு நாட்டோடும் பேச முடிகிறது. பகலில் ஒரு விதமாகவும் இரவில் ஒரு விதமாகவும் கேட்கும். அதைக் கவனிப்பதே ஹாம்களுக்கு ஒரு சுவை.

முதல் படி: கேட்பது

கடையிலும் இணையத்திலும் வாக்கி டாக்கி விற்கிறார்கள். வாங்கிவிட்டால் பேசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கருவி வாங்குவது முதல் படி அல்ல. கேட்பதுதான் முதல் படி.

எங்கே கேட்பது? உங்கள் பகுதியில் ஹாம் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெரிய நகரங்களில் ஹாம் சங்கங்கள் இருக்கின்றன. வீட்டுக் கூரையில் நீளமான கம்பியோ, பெரிய ஏரியலோ இருந்தால் அது ஹாம் வீடாக இருக்கலாம். போய்க் கேளுங்கள். பெரும்பாலான ஹாம்கள் புதியவர்களுக்குக் கற்றுத்தர விரும்புவார்கள். அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். இணையம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சிலர் தங்கள் வானொலிப் பெட்டியை இணையம் வழியாக எல்லோரும் கேட்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றும் புரியாது. இரைச்சலாக இருக்கும். சிற்றலையில் குரல் வாத்து கத்துவது போலக் கேட்கலாம். அலைவரிசைத் திருகை மெல்லத் திருப்பினால் அது மனிதக் குரலாக மாறும். பத்து நாள் கேட்டால் காது பழகிவிடும். யார் முதலில் பேசுகிறார், எப்போது நிறுத்துகிறார், பெயரை எப்படிச் சொல்கிறார் என்பதெல்லாம் பிடிபடும்.

இரண்டாம் படி: தேர்வும் உரிமமும்

உரிமம் எதற்கு? வாய்க்கால் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். முறை வைத்துத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். ஒருவர் இஷ்டம்போல மடையைத் திறந்தால் மற்றவர் வயல் காயும். வானொலி அலையும் அப்படித்தான். போலீசுக்கு ஒரு பங்கு. தீயணைப்புக்கு ஒரு பங்கு. விமானத்துக்கு ஒரு பங்கு. சில மலிவான கருவிகள் அவர்கள் பங்கிலும் புகுந்து பேசக்கூடியவை. பழக்கம் இல்லாதவர் தெரியாமல் பொத்தானை அழுத்தினால் அவசரச் செய்தி ஒன்று தடைபடலாம்.

அதனால்தான் உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது சட்டப்படி குற்றம். விவரம் சொல்லாமல் இணையத்தில் வாக்கி டாக்கி விற்பதைத் தடுக்க 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் வெளியிட்டது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் சில கருவிகளுக்கு மட்டும் 2018ஆம் ஆண்டு விதிகள் விலக்கு தந்தன. அவை ஹாம் கருவிகள் அல்ல.

உரிமம் தருவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. 12 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு உண்டு. அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, மின்சாரமும் வானொலியும் எப்படி வேலை செய்கின்றன என்பது. மற்றொன்று, விதிமுறைகள். தொடங்குகிறவருக்கு ஒரு நிலையும் அதற்கு மேல் ஒரு நிலையும் உள்ளன. கட்டணமும் விதிகளும் மாறுவது உண்டு. விண்ணப்பிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைதராபாத்தில் 1983 முதல் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் என்ற அமைப்பு இந்தக் கலையைப் பரப்பி வருகிறது.

தேர்வு என்றதும் பயப்பட வேண்டாம். நேற்றுவரை பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாதவர்கள் இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படித்தால் இதுவும் வசப்படும்.

உரிமத்தோடு உங்களுக்கு ஓர் அழைப்புப் பெயர் கிடைக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்காது. இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தியின் அழைப்புப் பெயர் வி.யு.2 ஆர்.ஜி. இரைச்சலில் எழுத்து மாறிக் கேட்கும். அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வி.யு.2 ஆர்.ஜி. என்பதை "விக்டர், யூனிஃபார்ம், டூ, ரோமியோ, கால்ஃப்" என்று சொல்வார்கள்.

மூன்றாம் படி: கருவி

உரிமம் வந்த பிறகு கருவி வாங்குங்கள். தொடக்கத்துக்கு 5 வாட் கை வாக்கி டாக்கி போதும். பழைய கருவி வாங்கினால் தெரிந்த ஹாம் ஒருவரைக் கூட்டிப் போங்கள். விற்கிறவரின் ரசீதை வாங்கி வையுங்கள்.

கருவியைவிட ஏரியல் முக்கியம். நல்ல ஏரியல் இருந்தால் சிறு கருவியும் வெகு தூரம் பேசும். ஒரு கணக்கு போடுவோம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 300 ÷ 145 = சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் அரை மீட்டர். அந்த அளவில் இரண்டு கம்பிகளை எதிரெதிராக வைத்து, நடுவில் வயரை இணைத்தால் ஓர் எளிய ஏரியல் ஆகிவிடும். சரியான நீளத்தைக் கருவி வைத்துப் பார்த்து வெட்ட வேண்டும். இதை ஹாம் நண்பர் காட்டித்தருவார்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. மின்கம்பிக்குப் பக்கத்தில் ஏரியல் கட்டாதீர்கள். ஏரியல் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத தூரம் இருக்க வேண்டும்.

2. இடி மின்னல் வரும்போது பேசாதீர்கள். வானம் கறுக்கும் முன்பே ஏரியல் வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள்.

3. ஏரியல் மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். கருவி கெட்டுவிடும்.

நான்காம் படி: பேசுவது

பேசும் முன் அலைவரிசையில் யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள். அமைதியாக இருந்தால், "இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அழைக்கலாம். "சி.க்யூ." என்றால் "யாராவது பதில் சொல்லுங்கள்" என்று பொருள்.

இதோ ஓர் உரையாடல். கோடிட்ட இடத்தில் அவரவர் அழைப்புப் பெயரின் மற்ற எழுத்துகள் வரும்.

"சி.க்யூ., சி.க்யூ. இது வி.யு.3 ______. யாராவது கேட்கிறீர்களா? ஓவர்."

"வி.யு.3 ______, இது வி.யு.2 ______. வணக்கம். உங்கள் குரல் ஐந்து ஒன்பது. தெளிவாக இருக்கிறது. எந்த ஊர்? ஓவர்."

"வணக்கம் ஐயா. நான் உரிமம் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. இதுதான் என் முதல் அழைப்பு. ஓவர்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். பதற்றப்படாமல் பேசுங்கள். காலையில் நாங்கள் எல்லோரும் கூடுவோம். நீங்களும் வாருங்கள். எழுபத்து மூன்று. ஓவர்."

"ஐந்து" என்றால் சொல் முழுவதும் புரிகிறது. "ஒன்பது" என்றால் அலை பலமாக இருக்கிறது. "எழுபத்து மூன்று" என்றால் நல்வாழ்த்து. பேசியவரின் அழைப்புப் பெயர், நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வியாபாரம், விளம்பரம், பாட்டு, ரகசியச் செய்தி, வசைச் சொல் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. நீங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம். அதை மறக்கக் கூடாது.

காலையில் கூடுவதாகச் சொன்னார் அல்லவா? அதை "நெட்" என்பார்கள். ஒருவர் பொறுப்பேற்று ஒவ்வொருவராக அழைப்பார். மற்றவர்கள் தம் முறை வரும்வரை காத்திருப்பார்கள். இது அரட்டை போலத் தோன்றும். ஆனால் புயல் நாளில் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொல்வதும் கேட்காது. காத்திருந்து, சுருக்கமாக, தெளிவாகப் பேசினால் ஐம்பது செய்தியும் போய்ச் சேரும்.

இன்னொரு செய்தி. விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி இருக்கிறது. 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதன் வழியாக நம் நாட்டு மாணவர்களோடு பேசினார். நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து பேசுவது 145.8 மெகாஹெர்ட்ஸ் அலையில் கீழே வருகிறது. நம் கை வாக்கி டாக்கி கேட்கும் அலைதான் அது. தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்கள் மட்டும் கேட்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் கடைசியாக வந்த புயலிலோ வெள்ளத்திலோ போன் எத்தனை நாள் வேலை செய்யவில்லை? அப்போது செய்தி எப்படி வந்தது?

2. கருவி வாங்கும் முன் உரிமம் வாங்க வேண்டும். ஏன்?

3. 300ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எத்தனை மீட்டர்?

4. உங்கள் ஊரில் ஒருவர் ஹாம் ஆகலாம் என்றால் யார் முன்வருவார்? அவருக்கு மற்றவர்கள் என்ன உதவி செய்யலாம்?