வயிறா, வயலா: செவ்வியல் சீனத்தில் பஞ்சத்தின் சொற்கள்

பசிக்கும் பஞ்சத்துக்கும் பழைய சீனத்தில் எத்தனை சொல் பாத்தீங்களா என்று மொழிவளத்தை எண்ணி வாயைப் பிளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு சொல் எங்கே நின்றுகொண்டு பசியைப் பார்க்கிறது, வயிற்றிலிருந்தா வயலிலிருந்தா என்பதே என் கேள்வி. பஞ்சச் சாவுக்கு யார் பதில் சொல்லணும் என்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் இரண்டு 'ஜீ'க்கள். இன்றைய உச்சரிப்பில் ஒன்றுதான்; பழஞ்சீனத்தில் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. கி.பி. 100இல் ஷு ஷென் முடித்த 'ஷுவோவென்' அகராதிக்கு ஒரு ஜீ உடம்பின் பசி. மற்றது தானியம் விளையாமை. அதாவது இந்த இரண்டாவது ஜீக்குள் மனுஷனே கிடையாது, பயிர் மட்டும்தான். உடம்பின் பக்கத்தில் 'எ' என்று இன்னொரு சொல் உண்டு. ஹான் ஃபெய்யிடம் ஜீ தாங்கக்கூடியது, எ ஆளைச் சாய்ப்பது. நம்ம கணக்கில் பசியும் பட்டினியும். பட்டினியில் செத்து வழியில் கிடக்கும் பிணத்துக்கும் தனிச்சொல் இருக்கிறது: 'பியாவ்'.

பஞ்சத்தின் பக்கம் வந்தால் கணக்கு மாறுகிறது. 'எர்யா' என்ற பழைய சொற்தொகுதி தானியம் பொய்த்தால் ஜீ, காய்கீரை பொய்த்தால் 'ஜின்', பழம் பொய்த்தால் 'ஹுவாங்' என்று பிரிக்கிறது. குலியாங் உரையோ ஐந்து தானியங்களில் எத்தனை தவறின என்று எண்ணுகிறது: இரண்டு தவறினால் ஜீ, மூன்று தவறினால் ஜின். மோட்சுவின் பிரதியில் ஒன்று தவறினாலே ஜின். ஐந்தும் தவறினால்தான் ஜீ. ஒரே சொல் ஏணியில் ஏறி இறங்குகிறது. சொல்லின் மதிப்பு அதற்குள் இல்லை, பக்கத்துச் சொல்லோடு அதுக்குள்ள வித்தியாசத்தில் இருக்கிறது என்று சசூர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனால் சசூரோடு நின்றுவிட முடியாது. ஏணியை வைத்தது யாரு, எதுக்கு?

மோட்சுவின் 'ஏழு கேடுகள்' அத்தியாயத்தில் பதில் இருக்கிறது. ஒரு தானியம் தவறினால் அதிகாரிகளின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. இரண்டு தவறினால் இரண்டு பங்கு. இப்படியே போய் ஐந்தும் தவறினால் ஊதியமே கிடையாது, சாப்பாட்டுத் தானியம் மட்டும். ஆக, 'ஜீ' என்பது இங்கே வருணனை இல்லை, கட்டளை. அதைச் சொன்ன மாத்திரத்தில் மேலே இருக்கிறவன் பானையிலும் சோறு குறையணும். எத்தனை மன்னர்கள் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். இதன் மறுபக்கமும் உண்டு: பஞ்சத்தை ஒரு படி குறைத்துச் சொன்னால் ஊதியம் தப்பும். எண்ணுகிறவன் கையில்தான் எல்லாம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் மென்சியஸ் இன்னொரு சொல்லைப் பிடிக்கிறார்: 'ஸுய்'. ஆண்டு என்றும் பொருள், அந்த ஆண்டின் விளைச்சல் என்றும் பொருள். லியாங் மன்னன் ஹுயியிடம் அவர் வாதிடுவது இது: சாலையில் பியாவ் கிடக்கிறது, களஞ்சியம் திறக்கப்படவில்லை, கேட்டால் 'நானில்லை, ஸுய்' என்கிறாய், குத்திக் கொன்றுவிட்டு ஆயுதத்தின் மேல் பழி போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்வி பழசாகவில்லை. 1958இல் 'பெரும் பாய்ச்சல்' தொடங்கியது. ஊதிப் பெருக்கிய விளைச்சல் கணக்கை வைத்து அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது; பஞ்சத்தின் நடுவிலும் ஏற்றுமதி நடந்தது. செத்தவர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. அதற்கு அதிகாரச் சொல்லாடல் வைத்த பெயர் 'மூன்றாண்டு இயற்கைப் பேரிடர்'. பிறகு 'மூன்றாண்டுக் கஷ்டகாலம்'. மறுபடி ஆண்டுதான் கூண்டில் நிற்கிறது! 1962 ஜனவரியில் லியு ஷாவ்சி, ஹுனான் விவசாயிகளின் கணக்கென்று, இயற்கையின் பங்கு மூன்று, மனிதரின் பங்கு ஏழு என்று கட்சி மாநாட்டில் சொன்னார். நம்மில் பலருக்கு இது கசக்கும். கசந்தாலும், மென்சியஸின் கேள்வியை மன்னர்களோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

1956இல் தொடங்கிய எழுத்துச் சுருக்கத்தில் இரண்டு ஜீயும் ஒரே எழுத்தாகிவிட்டன. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. வழக்கில் அவை முன்பே கலந்துபோனவைதான். ஆனால் அந்த எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்தாகணும். வயிற்றைச் சொல்கிறதா, வயலைச் சொல்கிறதா? வயலை என்றால், எண்ணியது யாரு?