காற்றையும் கருவியாக்கிய போர்

1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் மாலை. பெல்ஜிய நாட்டு ஈப்ர் நகருக்கு வடக்கே பதுங்கு குழிகளில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்களை நோக்கி மஞ்சளும் பச்சையும் கலந்த புகைமூட்டம் ஒன்று தரையோடு தவழ்ந்து வந்தது. ஜெர்மானியர் 5,700-க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து, காற்றோடு விட்ட குளோரின் வாயு அது. மூச்சுத் திணறி விழுந்தவர் போக, எஞ்சியோர் ஓடினர்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? 1914-இல் போர் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே, நிமிடத்திற்கு நானூறு, ஐந்நூறு குண்டுகளைப் பொழியும் இயந்திரத் துப்பாக்கியின் முன் நிமிர்ந்து நடப்பது இயலாததாயிற்று. ஆகவே வீரர் மண்ணைத் தோண்டிப் பதுங்கினர். முள்கம்பிக்குப் பின்னே அக்குழிகள் சுவிட்சர்லாந்து எல்லையினின்று வடகடல் வரை நீண்டன. குழிக்குள் இருப்பவனைக் குண்டு எட்டாது. காற்றைவிடக் கனமான குளோரினோ குழி தேடி இறங்கும். இத்தனைக் கொடிய யோசனையின் பின்னணியில் இத்தனை எளிய பௌதிகம் இருந்தது!

இத்தாக்குதலை முன்னின்று நடத்திய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டு, உலகத்தின் வயல்களுக்கு உரம் கிடைக்கச் செய்தவரும் இவரே. 1918-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டதும் அதற்காகவே. இவருடைய மனைவி கிளாராவும் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஈப்ர் தாக்குதல் நிகழ்ந்து பத்தே நாளில், மே 2-ஆம் நாள், கணவரின் கைத்துப்பாக்கியால் அவ்வம்மையார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணம் குறித்துச் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. நாமும் தீர்ப்பிடத் துணியோம்.

ஈப்ர் களத்தில் இந்தியரும் இருந்தனர். ஏப்ரல் 26-ஆம் நாள் எதிர்த்தாக்குதலுக்கு ஏவப்பட்ட லாகூர் படைப்பிரிவினர், முகமூடி ஏதுமின்றி அந்நச்சுக் காற்றை எதிர்கொண்டனர். பின்னர் முகமூடிகள் வந்தன. உடனே, முகமூடியணிந்தவரையும் விடாது தோலையே கொப்புளிக்கச் செய்யும் கடுகு வாயு 1917 ஜூலையில் அதே ஈப்ர் களத்தில் இறக்கப்பட்டது. 1916 செப்டம்பரில் சோம் ஆற்றுப் பகுதியில் ஆங்கிலேயர் ஓட்டிய டாங்கியும் குழிப்போரின் முட்டுக்கட்டையை உடைக்கப் பிறந்ததே. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் ஒன்றில் மட்டும் அங்கே 19,240 ஆங்கிலேயப் படையினர் மாண்டிருந்தனர்.

இவ்வாண்டுகளில் பேதுருவின் ஆசனத்தில் வீற்றிருந்தவர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் என்னும் பெனடிக்ட். 1914 டிசம்பரில், கிறிஸ்து பிறந்த நாளுக்காவது போரை நிறுத்துங்கள் என வேண்டினார், அரசுகள் இணங்கவில்லை. 1917 ஆகஸ்ட் முதல் நாள், படைக்கலக் குறைப்பும் நடுவர் தீர்ப்பும் வேண்டுமென்று போரிடும் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் விடுத்தார். இரு தரப்பாரும் அவரை எதிரிக்குச் சாதகமானவர் என்றே ஐயுற்றனர்.

எனினும், அவர் கையில் இருந்த ஒன்றை அவர் செய்தார். 1915 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியிட்ட ஆணையினால், சகல ஆத்துமாக்கள் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்ற சலுகையை உலகத் திருச்சபை முழுமைக்கும் அளித்தார். அதுவரை அது ஸ்பெயின், போர்த்துக்கல் போன்ற சில நாடுகளுக்கே உரியதாயிருந்தது. நவம்பர் 2-ஆம் நாள் நம் பங்குக் குருக்கள் மும்முறை பலிபீடம் ஏறுவது, போர்க்களங்களில் மடிந்தோர் கணக்கின்றிப் பெருகிய அவ்வாண்டில் பிறந்த வழக்கமாகும்.