கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே

தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த முத்துக்குத் துளை பிறகுதான் வந்தது. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் ஏறத்தாழ 3. வில்லைப் போட்டுச் சுழற்றும் சிறு துளைப்பானுக்கே அது வழிவிட்டுவிடும். கண்ணாடிப் பாசி அப்படியல்ல. அதன் கடினம் சுமார் 5.5, கொஞ்சம் அழுத்தினாலும் தெறித்துவிடும். அதனால்தான் இளகிய நிலையிலேயே துளையோடு அதை உருவாக்கிவிடுகிறார்கள்.

இந்த வித்தை நம் கடற்கரைக்குப் பழையது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கிப் பாசி செய்தார்கள். திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை 20ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. நறுக்கிய துண்டுகளின் கூர் விளிம்பை மழுக்க மறுபடி சூடாக்க வேண்டும். அப்போது துளை மூடிக்கொள்ளாமலும் பாசிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கச் சாம்பலைக் கலந்து கிளறுவார்கள்.

இன்று கேஸ் டார்ச் சுடரில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியின் மேல் கண்ணாடியைச் சுற்றிப் பாசி செய்பவர்களுக்குச் சாம்பலின் வேலையைக் களிமண் செய்கிறது. பீட் ரிலீஸ் என்று விற்கப்படும் கலவையில் முக்கியமாக இருப்பவை வெண்களிமண், அலுமினா, தண்ணீர். கம்பியை அதில் தோய்த்துக் காயவிட்ட பிறகே சுடருக்குக் கொண்டுபோக வேண்டும்.

பூச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும்? உருகிய கண்ணாடி கம்பியின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒரு டிகிரி குளிர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 10 லட்சத்தில் சுமார் 17 பங்கு சுருங்கும். பாசிக் கண்ணாடியோ 10 பங்குதான். ஒட்டிக்கொண்ட இரண்டும் இப்படி வெவ்வேறு அளவில் சுருங்கினால் பாசி விரிசல் விடும். பூச்சு இருந்தால், அதிலுள்ள அலுமினா உருக 2,072 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் அது கண்ணாடியோடு கலப்பதில்லை. களிமண் அதைக் கம்பியோடு பிடித்துவைக்கிறது. சுடரில் கம்பியை உருட்டும்போது இந்தப் பூச்சு உதிரக் கூடாது. பாசி ஆறியபின் தண்ணீரில் ஊறினால் உதிர்ந்தாக வேண்டும்.

இந்தச் சமநிலை கலவையைப் பராமரிப்பதில் இருக்கிறது. கம்பியில் கை எண்ணெய் இருந்தால் பூச்சு உரிந்துவிடும். முதலில் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். கலவை ஆப்ப மாவுப் பதத்தில் இருக்கலாம். அதைவிடக் கெட்டியானால் காயும்போது வெடிக்கும். நீர்த்தால் கம்பி வெளியே தெரியும். கனமான துகள்கள் அடியில் தங்குவதால், தோய்க்கும் முன் அடிவரை கிளறுவது அவசியம். குலுக்கினால் குமிழி சேரும். அந்தக் குமிழி உடைந்த இடத்தில் கண்ணாடி கம்பியைத் தொட்டுவிடும்.

ஜாடியில் நீர் வற்றினால் எந்தத் தண்ணீரை ஊற்றுவது? கடலோரத்து உவர்நீர் வேண்டாம். களிமண் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் நீரில் மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுவிசையைக் குறைத்துவிட, துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. ஆற்றின் களிமண் கடல்நீரைச் சந்தித்ததும் திரண்டு படிவதும் இதே வேதியியல்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணியின் வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனால் ஜாடியில் ஊற்ற, பேட்டரிக்குப் பயன்படுத்தும் டிஸ்டில்டு வாட்டரே நல்லது. அதை ஊற்றிக் கிளறி, மூடியை இறுக்கி வைத்தால் கலவை நெடுநாள் கெடாது.

பாசியைக் கழற்றியபின் துளைக்குள் கொஞ்சம் பூச்சு மிஞ்சும். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். களிமண்ணோடு சிலிக்காத் தூசியும் கலந்திருக்கலாம். அது நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்திலேயே தேய்த்துக் கழுவுங்கள்.