சிறு தொழிலுக்கு வலைத்தளம் வேண்டுமா?

பத்தாம் வகுப்பு மாணவி

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம் முன்னோர் மொழி. ஊரே ஓடினாலும் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் கற்றுக் கொண்டோம்.

எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் தூத்துக்குடி மக்ரூன் செய்து விற்கிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் ஆன இத்தின்பண்டத்தை நம் தோழியர் நன்கு அறிவர். சிறுகச் சிறுகச் சேர்த்த 20,000 ரூபாய் எங்கள் கையில் இருந்தது. பழைய ஓவனோ ஒரு பக்கம் கருக்கியும் மறுபக்கம் வேகாமலும் சோதித்து வந்தது. அதை மாற்றுவதா? அல்லது, “வலைத்தளம் இல்லாத வியாபாரம் பெயர்ப் பலகை இல்லாத கடை” என்று மாமா சொன்னபடி வலைத்தளம் அமைப்பதா? இரண்டுக்கும் பணம் போதாது.

வலைத்தளம் என்பது யாது?

டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1989-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது வலைத்தள முறையை முன்மொழிந்தார். 1993-இல் செர்ன் அதனைக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

ஒரு தளத்துக்கு மூன்று தேவை: முகவரிப் பெயர், பக்கங்களை வைக்கக் கணினியில் இடம், எழுத்தும் படமும். முதல் இரண்டுக்கும் காலந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்றாவதற்கு உழைப்பு வேண்டும். சென்ற தீபாவளியின் விலையை இன்றும் காட்டும் தளம், இல்லாத தளத்தினும் கேடு அன்றோ?

கணக்கு நோட்டு சொன்னது

அப்பா எந்தப் பக்கமும் சேரவில்லை. “வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். பிறகு பேசுவோம்” என்றார். நவம்பர் முழுவதும் எழுதினோம். வந்த அழைப்புகள் 64. அவற்றுள் 49 முன்பே வாங்கியவர்களும் அவர்கள் சொல்லி வந்தவர்களும். 11 பேர் வீட்டுக்கு வழியும் நேரமும் கேட்டனர். 4 பேர் வெளி மாநிலத்தவர்.

முதல் கூட்டத்தாருக்கு வலைத்தளம் வேண்டியதில்லை. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே படமும் விலையும் காட்டலாம். வழி கேட்போருக்குக் கூகுள் வரைபடத்தில் கட்டணமின்றி இடத்தைப் பதியலாம். வெளி மாநிலத்தவருக்கு அனுப்புவதோ எளிதன்று. மக்ரூன் நொறுங்கும், ஈரக் காற்றுப் பட்டால் நமுத்துப் போகும். மேலும், மாநிலம் கடந்து தின்பண்டம் விற்க, வியாபாரம் சிறிதே ஆயினும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

அந்த 64 அழைப்புகளில் 9 பேருக்கு, “இந்த வாரம் முடியாது” என்று அம்மா சொல்லியிருந்தார். காரணம், பழைய ஓவன்! நிறைந்த பானையில் மேலும் நீர் ஊற்றி என்ன பயன்? ஓவனை வாங்கினோம்.

யாருக்குத் தேவை?

அப்படியானால் வலைத்தளமே வீண் என்று எண்ணிவிடலாகாது. அறிமுகமில்லாதவர் தேடி வரும் தொழில்களுக்கு அது அவசியம். தங்கும் விடுதி, ஏற்றுமதி, தம் வேலையைப் படத்தில் காட்ட வேண்டிய புகைப்படக்காரர், கட்டட வரைபடக்காரர் ஆகியோரை நம்புவதற்கு முன் அயலூரார் பார்ப்பது தளத்தையே.

இன்னொன்றும் உண்டு. 2020 ஜூனில் டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. சிறு தொழில்களுக்குக் கூகுள் இலவசமாய் அளித்த தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. பிறர் திண்ணையில் கடை விரித்தவர், வீட்டுக்காரர் சொன்னால் எழுந்திருக்கத்தானே வேண்டும்? சொந்தத் தளமோ சொந்த வீடு போன்றது.

ஆனால் பத்திரம் நம் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர், முகவரியைத் தம் பெயரில் பதிந்து கொண்டார். பிறகு கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டார். அக்காவால் முகவரியைப் புதுப்பிக்க முடியவில்லை. அவர் அச்சடித்த 500 பைகளிலும் உள்ள முகவரி இன்று எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை.

எனவே, தொழில் செய்யும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளலாம். நம்மைத் தேடுவோர் தெரிந்தவரா, புதியவரா? கூடுதலாக வருவோருக்குக் கொடுக்க நம்மிடம் பொருள் உண்டா? தளத்தை வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்த வீட்டில் ஆள் உண்டா? விடைகள் ‘புதியவர், உண்டு, உண்டு’ எனில் தயங்காமல் தளம் அமைக்கலாம்.

நாங்கள் முகவரிப் பெயரை மட்டும் அம்மாவின் பெயரில் பதிந்து வைத்திருக்கிறோம். வீடு கட்டுமுன் மனை வாங்குவது போல! இப்போது புது ஓவனில் மக்ரூன் நாற்புறமும் ஒரே நிறமாய் வேகிறது. நோட்டிலும் தொடர்ந்து எழுதி வருகிறோம். வெளியூர் அழைப்புகள் பெருகும் நாளில் மனையில் வீடு எழும்பும். அதுவரை, கேட்டே ஓடுவோம்!