பல்லைப் பிடுங்கிவிட்டு மறுநாளே லோடு தூக்கலாமா?

லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் காசிமேடு, எண்ணூர் பக்கம் பல்லைப் பிடுங்கிய கையோடு வேலைக்குக் கிளம்பத்தான் பலரும் பார்ப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகவே. முதல் நாள் பளு தூக்குவது, அடிக்கடி துப்புவது, ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவது எல்லாம் கட்டியைப் பெயர்த்துவிடலாம். பீடி இன்னும் மோசம். கட்டி போனால் 'டிரை சாக்கெட்'. 2, 3 நாள் கழித்து காதுவரை இழுக்கும் வலி வரும். வெறும் மாத்திரைக்கு அடங்காது, டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைக்கணும்.

அன்று ஆறவைத்த ரசம் சாதம் போதும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது மறுநாளிலிருந்துதான், அதுவும் மெதுவாக.

செலவு குறையும் என்று எங்கேயாவது பிடுங்கிக்கொள்வதும் ஆபத்து. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போன 8 பேர் மெலியோய்டோசிஸ் தொற்று மூளையைத் தாக்கி இறந்தார்கள். கிருமி நீக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மீதியை மறுபடி பயன்படுத்தியதே காரணம் என ஆய்வில் தெரிந்தது. "சலைன் புதுசா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

கோட்டை ரயில் நிலையம் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல், வாய் திறக்க முடியவில்லை என்றால் நள்ளிரவானாலும் ஸ்டான்லி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.