எவன்ஸ் முனையில் ஒரு மரவீடு

பனியில் இருக்கும் பொருள் கெடுவதில்லை என்பது பொதுவான எண்ணம். அவ்வாறாயின், ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் அண்டார்க்டிகாவில் பழைய கட்டடங்களைக் காக்க மனிதர் ஏன் பாடுபட வேண்டும்? ராஸ் தீவின் எவன்ஸ் முனையில் நிற்கும் மரவீடு ஒன்று இவ்வினாவிற்கு விடை கூறும்.

ஆங்கிலேயக் கடற்படையைச் சேர்ந்த ஸ்காட் 1911ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவ்வீட்டை எழுப்பினார். இங்கிலாந்தில் செய்த மரப்பகுதிகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பெற்றன. குளிரைத் தடுக்கச் சுவர்ப் பலகைகளுக்கிடையே உலர்ந்த கடற்பாசியை வைத்தனர். 25 பேர் இதில் குளிர்காலத்தைக் கழித்தனர். அவர்களுள் ஸ்காட்டும் தோழர் நால்வரும் 1912 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் மாண்டனர். அவர்கள் வாழ்ந்த இல்லம் மட்டும் படுக்கைகளோடும் உணவு டப்பாக்களோடும் நிற்கிறது.

இவ்வீட்டிற்குப் பகை மூன்று. முதலாவது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு மரத்தினுள் படிகமாகி நார்களைப் பிளக்கிறது. தகர டப்பாக்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இரண்டாவது நீர். காற்று குவிக்கும் பனி, கோடையில் சிறிது உருகித் தரைக்கடியில் புகுந்து மீண்டும் உறைகிறது; உறையும்போது விரிந்து பலகைகளை நெகிழ்த்துகிறது. பனியின் வலிமையை நம் நாட்டினரும் அறிவர். அண்டார்க்டிகாவின் வேறொரு பகுதியில் 1983-84இல் இந்தியா அமைத்த தக்ஷிண கங்கோத்ரி நிலையம், சில ஆண்டுகளிலேயே பனியில் புதையுண்டு கைவிடப்பட்டது. மூன்றாவது பகை பூஞ்சை. கடுங்குளிரில் அடங்கிக் கிடக்கும் அது, கோடையின் ஈரத்தில் உயிர்பெற்று மரத்தை அரிக்கிறது. குளிர் அழிவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

1960-61ஆம் ஆண்டுக் கோடையில் நியூசிலாந்தினர் வீட்டினுள் இறுகியிருந்த பனிக்கட்டியை வெட்டி அகற்றினர். பிற்காலத்தில் அந்நாட்டின் அண்டார்க்டிக் மரபுரிமை அறக்கட்டளை இப்பணியை முறையாக மேற்கொண்டது. 10,000க்கும் மேற்பட்ட பொருள்களைத் துரு நீக்கிப் பதப்படுத்தி, முன்பிருந்த இடங்களிலேயே திரும்ப வைத்தனர். ஸ்காட்டிற்குப் பின் இங்கே தங்கிய மற்றொரு குழுவினர் விட்டுச்சென்ற 22 புகைப்பட நெகடிவ்கள், ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் கிடைத்தன. அவற்றைப் பிரித்துத் தெளிவாக்கிய படங்கள் 2013இல் வெளியாயின.

புதிதாக்குதல் வேறு, காத்தல் வேறு. பழைய பலகையைப் பெயர்த்துப் பளபளப்பான பலகையைப் பொருத்திவிட்டால், வீடு நிற்கும், வரலாறு மறையும். ஆதலின் இயன்றவரை பழையதையே நிலைக்கச் செய்கின்றனர். இப்பணிக்கு முடிவும் இல்லை. பனி மீண்டும் மீண்டும் குவியும். மனிதரும் மீண்டும் மீண்டும் சென்று அகற்றியாக வேண்டும்.