‘இறைச்சி வேண்டாம்’ என்றால் ஹாம் வரும்

சேன் நதிக்கரைச் சாப்பாடு – 7

பிரெஞ்சு கற்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடும் வாக்கியங்களில் ஒன்று, ‘ழெ சுயி வெழெத்தாரியேன்’. நான் சைவம் என்று பொருள். பெண் சொன்னால் ‘வெழெத்தாரியென்’. (‘ஜ’வுக்கும் ‘ஷ’வுக்கும் நடுவே வழுக்கிப் போகும் அந்த ஒலிக்கு, பிரெஞ்சு நூல்களைத் தமிழாக்குகிறவர்கள் ‘ழ’ போடுவது வழக்கம். நானும் அப்படியே.) வாக்கியத்தில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி லியோன் நகரத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்தால், வருகிற தட்டை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டியிருக்கும்.

நம்மூரில் சைவம் என்று பலகை மாட்டிய கடையில் கறி, மீன், முட்டை மூன்றும் கிடையாது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. பிரெஞ்சுச் சொல்லுக்குள் முட்டை தாராளமாக அடங்கும். மீன் விஷயத்தில் கொஞ்சம் பழைய ஆட்களுக்குத் தடுமாற்றம் உண்டு. இறைச்சியைக் குறிக்கும் ‘வியாந்த்’ என்ற சொல்லைக் கேட்டதும் மாடும் ஆடும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். மீன் அந்தக் கணக்கிலேயே சேராது.

இதற்குக் காரணம் தேவாலயம். கத்தோலிக்க மரபில் வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி ஒதுக்கும் நாட்கள். மீனுக்கு அன்றும் அனுமதி உண்டு. இடைக்காலத்தில் தவக்காலக் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருந்தது. முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வெண்ணெய் இல்லாமல் நாற்பது நாள் தள்ள முடியாத நார்மண்டிக்காரர்கள் காணிக்கை கொடுத்து விலக்கு வாங்கினார்கள். ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். அந்தக் காணிக்கைப் பணம் அதில் செங்குத்தாக நிற்கிறது. கோயிலுக்குப் போவதை விட்டுவிட்ட நாட்டில் இன்றும் பல பள்ளிக்கூட உணவகங்களில் வெள்ளிக்கிழமையானால் மீன்தான்.

ஹாம் கதை வேறு. ஆடு, மாட்டுக் கறி விற்பவர் ஒருவர். பன்றிக்கறியைப் பதப்படுத்தி ஹாம், தொத்திறைச்சி என்று விற்பவர் இன்னொருவர். 15ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் இந்த இரண்டாம் வகையினருக்குத் தனிச் சங்க விதிகள் எழுதப்பட்டுவிட்டன. கடை வேறு, பெயர் வேறு என்று ஆகிப்போனதால், ‘இறைச்சி வேண்டாம்’ என்று கேட்டவருக்கு மெலிதாக அரிந்த ஹாம் துண்டு வருவதில் சர்வரின் வஞ்சகம் ஏதுமில்லை. அவரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

லியோன் பாணி சாலட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் இலை தழை. தட்டில் சுருள் சுருளான கசப்புக் கீரை, அதன் மேல் ஓடில்லாமல் வெந்நீரில் வேகவைத்த முட்டை, பொரித்த ரொட்டித் துண்டுகள், நடுநடுவே விரல்நுனி அளவுக்கு வெட்டி வறுத்த உப்புப் பன்றிக்கொழுப்பு. இதற்கு ‘லார்தோன்’ என்று பெயர். ‘சான் லார்தோன்’, அதாவது லார்தோன் இல்லாமல், என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தத் துண்டுகள் உருகிய சட்டியிலேயே வினிகரை ஊற்றிச் சுரண்டி எடுத்துக் கீரை மேல் சூடாக விடுவது பழைய செய்முறை. துண்டு போனாலும் கொழுப்பு இலைக்கு இலை ஒட்டிக்கொண்டிருக்கும். வெங்காய சூப்பும் அப்படித்தான். மெனு அட்டையில் வெங்காயமும் சீஸும் மட்டும் தெரியும். அடியில் இருப்பது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. தென்மேற்கே சார்லா பக்கம் போனால் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். அதைச் சொல்லி விற்பார்கள், பெருமையாக.

ஆகவே ‘நான் இன்னார்’ என்று பிரெஞ்சில் அறிவிப்பதைவிட, ‘இன்னின்னதைச் சாப்பிடுவதில்லை’ என்று பெயர் பெயராக அடுக்குவதே காரியத்துக்கு ஆகும். ‘ழெ ந மாஞ்ழ் நி வியாந்த், நி ழாம்போன், நி புவாஸோன்.’ இறைச்சியும் இல்லை, ஹாமும் இல்லை, மீனும் இல்லை. கோழியைச் சந்தேகப்பட்டால் அதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு ‘நி’ கூடுதலாகப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. பிறகு சாஸைப் பற்றியும் சாற்றைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். ‘ஃபோன் த வோ’ என்ற மூன்று சொற்களைக் காது பழக்கிக்கொள்வது நல்லது. கன்றுக்குட்டியின் எலும்பை வறுத்து மணிக்கணக்கில் காய்ச்சிய சாறு அது. பிரெஞ்சுச் சாஸ்களில் பாதிக்கு அதுதான் அஸ்திவாரம் என்றால் மிகையில்லை.

முட்டைக்கு வந்தால் வாய்க்குச் சோதனை. ஒரு முட்டை ‘ஒஃப்’. பல முட்டைகள் வெறும் ‘ஒ’. எழுத்தில் இருக்கும் கடைசி இரண்டு மெய்களும் காற்றோடு போய்விடும். முட்டை வேண்டாம் என்பது ‘சான் ஒ’ என்றாகிறது, தொண்டையைச் செருமுவதுபோல. இரண்டு சொல்லையும் சேர்த்து இழுத்து ‘சான்ஸொ’ என்பார்கள் அங்கே. சர்வர் விழித்தால், ஒருமையிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள்; இலக்கணம் கெட்டாலும் முட்டை வராது. பாலும் தேனும்கூட ஆகாதவர்களுக்கு ‘வெழெத்தாலியேன்’ என்று தனிச் சொல் உண்டு. சைவத்துக்கும் இதற்கும் இடையே ஒரு ர, ல தான் வித்தியாசம் என்பதாலோ என்னவோ, இப்போது பாரிஸில் ‘வீகன்’ என்ற சொல்லே அதிகம் ஓடுகிறது.

மாற்றிக் கேட்டால் சர்வர் முகம் சுளிப்பார் என்று ஒரு பயம் நம்மவர்களுக்கு இருக்கிறது. ஓரளவு உண்மைதான். அங்கே ஒரு தட்டு என்பது சமையற்காரர் யோசித்து முடித்த ஒன்று. அதிலிருந்து இதை எடு, அதைச் சேர் என்றால், முடிந்த வேலையைப் பிரித்துப் போடச் சொல்வதாகப் படுகிறது. கட்டளையாகச் சொல்லாமல், முடியுமா என்று கேள்வியாகக் கேட்டால் பாதிச் சுளிப்பு போய்விடும். பிரெத்தான் பகுதிக் கோதுமையடைக் கடைகளில் இந்தத் தொல்லையே இல்லை. (கோதுமை என்றேனே, உண்மையில் அது பக்வீட், கோதுமைக் குடும்பமே அல்ல.) ஹாம், முட்டை, சீஸ் மூன்றும் வைத்துச் சதுரமாக மடித்த அடைக்கு ‘கோம்ப்ளேத்’ என்று பெயர். கண்முன்னே சுடுவதால், ஹாம் வேண்டாம் என்றால் ஹாம் இருக்காது. விஷயம் அவ்வளவுதான்.

காரணம் என்ன என்பதற்கும் அங்கே தரவரிசை உண்டு. ‘ழெ சுயி அலெர்ழிக்’, எனக்கு ஒவ்வாமை, என்றால் உடனே நிமிர்ந்து நிற்பார்கள். நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, பால், முட்டை, எள், கடுகு, செலரி என்று 14 பொருட்களை ஐரோப்பியச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. 2014 டிசம்பர் முதல் பொட்டலம் கட்டாத உணவுக்கும் இது பொருந்தும். 2015இல் வந்த பிரெஞ்சு அரசாணையின்படி உணவகங்கள் அந்தத் தகவலை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. கடுகு ஒவ்வாதவர்கள் கேட்காமல் சாலட்டைத் தொடவே கூடாது. அங்கே சாலட் சாஸில் கடுகு விழுது விடுவது அத்தனை சாதாரணம்.

பிடிக்காததையெல்லாம் ஒவ்வாமை என்று சொல்லித் தப்பிக்கும் குறுக்குவழி பயணிகளிடையே பிரபலம். எனக்கு அது உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே பலகையைக் கழுவுகிறார்கள், கத்தியை மாற்றுகிறார்கள். பொய் என்று தெரிந்தால், அடுத்து வரும் உண்மையான நோயாளிதான் பாதிக்கப்படுவார்.

மதம் என்று காரணம் சொன்னால் நிலைமை இன்னும் சிக்கல். கடையில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அது அரசியல். பன்றிக்கறி பரிமாறும் நாளில் மாற்று உணவு தருவது பல ஊர்களில் நெடுநாள் வழக்கம். 2015இல் ஷலோன் சுர் சோன் நகர மேயர், அரசு மதம் பார்க்கக் கூடாது என்று சொல்லி அதை நிறுத்தினார். வழக்கு மேலே மேலே போய், 2020 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக மன்றம் தீர்ப்பளித்தது: மாற்று உணவு தர வேண்டிய கட்டாயமும் இல்லை, தருவதற்குத் தடையும் இல்லை. அவரவர் ஊர் முடிவு.

இதற்கிடையே 2018இல் வந்த சட்டம் ஒன்று, 2019 நவம்பர் முதல் பள்ளிகளில் வாரம் ஒருநாள் சைவ உணவு என்று சோதனை முறையில் கொண்டுவந்தது. 2021இல் அது நிரந்தரமாயிற்று. மதம் என்ற பேச்சே இல்லாமல், சுற்றுச்சூழலின் பெயரால் பருப்பு தட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே 2021 பிப்ரவரியில் லியோன் மேயர் கிரெகோரி தூசே, கொரோனா இடைவெளி விதிகளுக்கு இடையே வேகமாகப் பரிமாற வசதி என்று இறைச்சியில்லாத ஒரே உணவைக் கொஞ்ச காலத்துக்கு அறிவித்தபோது, வேளாண் அமைச்சர் கொதித்தார், விவசாயிகள் டிராக்டர்களோடு நகருக்குள் வந்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தட்டில் மீனும் முட்டையும் இருந்தன. முந்தைய மேயரும் முந்தைய ஆண்டு இதையேதான் செய்திருந்தார், அப்போது ஒரு டிராக்டரும் வரவில்லை. தூசே பசுமைக் கட்சிக்காரர் என்பதுதான் வித்தியாசம்.

வீட்டு விருந்துக்கு இந்த அரசியல் எதுவும் வேண்டாம். நேரம் மட்டும் முக்கியம். அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும். மேசையில் தட்டு வந்தபின் சொல்வதுதான் அங்கே மரியாதைக்கேடு. 2010இல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்தைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தபோது எந்தப் பதார்த்தத்தையும் சேர்க்கவில்லை. கூடி உட்கார்ந்து, வரிசை தப்பாமல் ஒரே உணவைச் சாப்பிடும் வழக்கத்தைத்தான் சேர்த்தது. ஆளுக்கொரு பத்தியம் வந்துவிட்டால் நாளை சேர்ந்து சாப்பிடுவோமா என்று கேட்டு, சமூகவியலாளர் குளோத் ஃபிஷ்லர் தொகுத்த நூல் 2013இல் வெளிவந்தது. அந்தக் கவலையை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

பிடிக்கவில்லை என்பதற்குப் பாடப் புத்தகம் சொல்லும் ‘ழெ நெம் பா’ கொஞ்சம் முகத்திலடிக்கிற வாக்கியம். உள்ளூர்க்காரர்கள் அதைச் சுற்றி வளைத்து, ‘ழெ ந சுயி பா த்ரே தெசேர்’ என்பார்கள்: நான் அவ்வளவாக ‘இனிப்பு’ இல்லை. ஆளே பதார்த்தமாகிவிடுகிற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சீஸ், மீன், காப்பி எதற்கும் பொருந்தும். இன்னொன்று: யாராவது பாத்திரத்தை நீட்டும்போது வெறுமனே ‘மெர்சி’ என்றால் போதும், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். வேண்டுமானால் ‘வொலோந்தியே’ என்று சொல்ல வேண்டும், மனமுவந்து என்று.

கேள்வியே கேட்காமல் சாப்பிட வேண்டுமானால் நீஸுக்குப் போகலாம். அங்கே பழைய நகரத்துச் சந்துகளில் ‘சொக்கா’ விற்கிறார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு; அவ்வளவுதான் சேர்மானம். ஆளகலத்துச் செம்புத் தட்டில் மெலிதாக ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் குழைவாக வெளியே வரும்போது சுரண்டி எடுத்து, மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் கொடுப்பார்கள். நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பக்கத்திலேயே இருக்கும் வெங்காய ரொட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் நெத்திலி உண்டு.

பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்கிறார்கள். அங்கே உள்ளே ஒரு தமிழ்க்குரல் கேட்டால் இத்தனை ‘நி’யும் தேவைப்படாது, ‘மச்சம் வேண்டாம் அண்ணை’ என்றால் போதும். முட்டையும் எலும்புச் சாறும் அதிலேயே அடங்கிவிடும்.

சீஸ் மட்டும் அவராலும் தீர்க்க முடியாத வழக்கு. பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ‘ப்ரெஸூர்’ என்ற உறைமோர் கோந்தேயில் உண்டு, பாஸ்தா மேல் துருவும் பார்மெசானில் உண்டு. பெயருக்கான விதியே அப்படி. பிரெஞ்சுச் சைவர்கள் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்கிறவர்கள் கடையில் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, நுண்ணுயிரியில் எடுத்த உறைபொருளா என்று தேட வேண்டும். அந்தப் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது, சீஸ் தட்டை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)